சதுக்கத்துக் கழிப்பிடத்தில் நாற்பதாயிரம் பூக்கள்

நவம்பர் பதினொன்று, போர் நினைவு நாள்; அதற்காகக் குத்திக்கொள்ளும் காகிதப் பாப்பிப் பூ ஆக்கில்ஷா ஊரில் வழக்கமாக அக்டோபர் கடைசியில்தான் கோட்டுகளில் பூக்கும். அந்த வருஷம் ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதியே பூத்துவிட்டது. பக்கத்து ஊரான நெதர்பியில் செப்டம்பர் முதல் தேதியே ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று யாரோ நகர மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். போரில் செத்தவர்களை நெதர்பிக்காரர்கள் முந்திக்கொண்டு நினைத்துவிட்டால் ஊர் மானம் என்ன ஆவது?

பூ ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. சிவப்புக் காகித இதழ் இரண்டு, நடுவில் கறுப்புப் பொட்டு, பச்சைத் தண்டு, ஒரு குண்டூசி. அந்தக் குண்டூசிக்குத் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்று குத்துவது, இன்னொன்று கழன்று விழுவது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் பூ விழாது. குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கிறவனுக்கு அது அரை மணி நேரம் நிற்காது. கோலின் ஹெப்டன் குனிந்து நிமிர்கிறவன்.

வயது ஐம்பத்தெட்டு. நகர மன்றத்துக் கூலி. சதுக்கத்தைக் கூட்டுவான், பூங்காவில் இலை வாருவான், சதுக்கத்து நடுவில் நிற்கும் போர் நினைவுக் கல்லைக் கழுவுவான். கல்லில் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் வெட்டியிருந்தன. எழுத்துக் குழிகளில் பாசி பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து எடுப்பான். இருபத்திரண்டு வருஷமாகத் தேய்க்கிறான். பூங்கா வாசலை ஒட்டிய சின்னக் கல்வீட்டில் அவனும் மனைவி மொரீனும் குடியிருந்தார்கள். வேலையோடு வந்த வீடு அது. வேலை போனால் வீடும் போகும். மொரீனுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோயிருந்தது. படிக்கட்டே இல்லாத அந்த வீட்டில்தான் அவளால் நடமாட முடிந்தது.

செப்டம்பர் பதினான்காம் தேதி கோலின் கல்லின் கடைசி வரிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது யாரோ படம் பிடித்து ஊர்க்காரர்களின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். படத்தில் அவன் மண்டியிட்டிருக்கிறான். கையில் பிரஷ், பக்கத்தில் வாளி. நெஞ்சில் பூ இல்லை. "நம் வீரர்கள் மேல் இவருக்கு என்ன கோபம்?" என்று கீழே எழுதியிருந்தது. பூ வாளித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஆனால் வாளியின் உள்பக்கம் படத்தில் விழவில்லை.

சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். மொரீன் சமையலறையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தாள்.

"இதைக் கேளு. 'இவனைப் போருக்கு அனுப்பணும்'னு எழுதியிருக்கா. யாரு தெரியுமா? பேக்கரி பெவர்லி! காலைலதான் உனக்குன்னு சாசேஜ் ரோல் எடுத்து வச்சிருக்கேன்னா."

"எந்தப் போருக்காம்?"

"அதெல்லாம் எழுதல."

மறுநாள் கடிதம் வந்தது. நினைவுகூர்தல் குழு முன் ஆஜராக வேண்டும்.

குழுவின் தலைவி திருமதி ஆர்மராய்டு. நெஞ்சில் அவர் குத்தியிருந்த பூ சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அதன் பின்னாலிருந்து அவர் முகம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் பூ ஒழுங்கு அலுவலர் பில்லிங் நோட்டும் பேனாவுமாக இருந்தார். மேசையைச் சுற்றி இன்னும் ஐந்து பேர். காலை பத்து மணியிலிருந்து யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. கோலின் வரும் வழியில் பூவை நாலு தடவை தொட்டுப் பார்த்திருந்தான். ஐந்தாவது தடவை தொட்டால் விழுந்துவிடுமோ என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"மிஸ்டர் ஹெப்டன், அன்னிக்கு அந்தக் கல்லுகிட்ட என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேரைத் தேய்ச்சிட்டிருந்தேன் மேடம்."

"பூ இல்லாமயா?"

"பூ வாளிக்குள்ள விழுந்துருச்சு மேடம்."

பில்லிங் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பூவை அழுக்குத் தண்ணீரில் போட்டதை ஒப்புக்கொள்கிறார்."

"போடல சார், அதுவா விழுந்துச்சு."

"எங்க பூ எதுவும் விழலையே?" என்று திருமதி ஆர்மராய்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார். உண்மைதான். ஒருவருக்கும் விழவில்லை. "அவங்க உங்க மனசுல இருந்திருந்தா பூ விழுமா மிஸ்டர் ஹெப்டன்?"

"மனசுல இருக்காங்க மேடம்." பயத்தில் கோலினுக்கு நாக்கு தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. "ஆஷ்வர்த் ஏ, ஆஷ்வர்த் ஜே, பிரயர்லி எஸ், பட்டர்வர்த் டபிள்யூ, கார்ட்டர் டி, கிராப்ட்ரி ஹெச், கிராப்ட்ரி என்..."

தலைவி கையைத் தூக்கினார். "யாரு இவங்கல்லாம்?"

"கல்லுல இருக்கறவங்க மேடம்."

திருமதி ஆர்மராய்டு கனிவாகவே சொன்னார். "பேரு சொல்லித் தனித்தனியா பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. நான் அவங்களை மொத்தமா நினைக்கிறேன். ஒருத்தன் ஒருத்தனா நினைச்சா எத்தனை பேரை நினைக்க முடியும்? மொத்தமா நினைச்சா எவ்வளவு பேரை வேணும்னாலும் நினைக்கலாம். போன வருஷம் நெதர்பில ரெண்டு நிமிஷம் மௌனம் இருந்தாங்க. நாம மூணு நிமிஷம் இருந்தோம். இந்த வருஷம் அவங்க நாலுக்குப் போறாங்கன்னு கேள்வி. பதினோராம் மாசம், பதினோராம் தேதி, பதினோரு மணி. அதுக்கு மேல என்ன வரணும்னு கணக்கே கத்துது. பதினோரு நிமிஷம்! செத்தவங்களுக்கு நம்ம ஊர் மாதிரி இன்னொரு ஊர் அமையாது."

ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள். பூ எதுவும் விழவில்லை.

அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு தீர்மானங்கள். ஊர்ப் பெண்கள் பின்னிய சிவப்புக் கம்பளிப் பூ அருவி ஒன்று நினைவுக் கல்லின் உச்சியிலிருந்து அடிவரை மூடித் தொங்க வேண்டும். மௌனம் முடிந்ததும் விநியோகிக்க நாற்பதாயிரம் காகிதப் பூக்கள் வருகின்றன. அவற்றை வைக்கச் சதுக்கத்துப் பொதுக் கழிப்பிடத்தை மூடிக் கிடங்காக்க வேண்டும். வயதானவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். "கழிப்பிடம் திறந்திருந்தா ஜனங்க நினைப்பு அங்கதான் போகும்" என்றார் தலைவி. அந்த உறுப்பினர் உடனே தீர்மானத்துக்குக் கை தூக்கினார்.

கோலினுக்கு இறுதி எச்சரிக்கை. இன்னொரு தடவை அவன் நெஞ்சில் பூ இல்லாமலிருந்தால் வேலை நீக்கம். குழு கருணையும் காட்டியது. திருந்துவதற்கு வாய்ப்பாக, நவம்பர் பதினொன்றாம் தேதி ஓர் உண்மையான போர்வீரரின் சக்கர நாற்காலியை அவன் தள்ளலாம்.

அன்று முதல் கோலின் பயத்திலேயே குடியிருந்தான். மொரீன் பூவைக் கோட்டில் தைத்தாள். காகிதம் கிழிந்து காம்பு மட்டும் மிஞ்சியது. பசை போட்டு ஒட்டினாள். மழையில் ஊறி, நெஞ்சில் சிவப்பாக ஒழுகியது. குத்துப்பட்டவன் என்று நினைத்துப் பேருந்தில் ஒரு பெண் அலறினாள். ஒன்று விழுந்தாலும் மற்றவை இருக்கட்டும் என்று ஒன்பது பூக்களைக் குத்திக்கொண்டு போனான். பில்லிங் நிறுத்தினார். "தலைவியை விட அதிகமாவா?" என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் கோலின் குனிவதையே விட்டுவிட்டான். இலைகள் குவிந்தன. இலை குவிந்ததற்கும் ஒரு கடிதம் வந்தது.

ஊரின் பயமும் அவன் பயத்துக்குக் குறைந்ததில்லை. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முதலில் நெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு அவசரமாகத் தங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார்கள். நாய்களுக்குப் பூ வந்தது. மீன் கடையில் பனிக்கட்டி மேல் படுத்திருந்த மீன்களுக்குச் செவுளில் பூ செருகியிருந்தது. அக்டோபரில் செத்துப்போன தையற்காரர் ஃபெயர்கிளஃப் சவப்பெட்டியில் பூவோடு கிடந்தார். கோலின் அஞ்சலி செலுத்தப் போனபோது சவ அடக்கக்காரர் காதோடு காதாகச் சொன்னார். "அவருக்காக இல்லப்பா. வந்துபோறவங்க என்னைப் பத்தி ஏதாவது எழுதிருவாங்கன்னுதான்."

பயமில்லாத ஒரே ஆள் ஆர்னல்ட் ஹிண்டில். தொண்ணூற்று மூன்று வயது. பத்தொன்பது வயதில் கொரியாவில் சண்டை போட்டவர். ஊரில் மிச்சமிருக்கும் நிஜமான போர்வீரர் என்பதால் வருஷத்தில் ஒரு நாள் அவரை முன்வரிசையில் வைப்பார்கள். மற்ற நாட்களில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்து, கோலின் கல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கோட்டில் அந்த வருஷம் இன்னும் பூ ஏறவில்லை.

"போட்டுக்கங்களேன் பெரியவரே. பில்லிங் பார்த்தா வம்பு" என்றான் கோலின்.

"பதினொண்ணாம் தேதி காலைல போடுவேன். மத்தியானம் எடுத்துருவேன். அறுபது வருஷமா அப்படித்தான். பில்லிங் அப்பனே எனக்குப் பொடிப்பயல்." கல்லின் அடியைக் கைத்தடியால் காட்டினார். கொரியாவில் செத்த மூன்று பேர் கடைசி வரியில் இருந்தார்கள். "டென்னிய நல்லாத் தேய்டா. காதெல்லாம் பாசி."

டி. ஃபோல்டன் என்ற அந்தப் பெயரைக் கோலின் எப்போதுமே இரண்டு தடவை தேய்ப்பான். டென்னியும் ஆர்னல்டும் ஒரே தெரு, ஒரே குழியில் பதுங்கியவர்கள். ஆர்னல்ட் வெளியே வந்தார், டென்னி வரவில்லை. அதற்கு மேல் பெரியவர் சொன்னதில்லை. கோலினும் கேட்டதில்லை.

"கக்கூஸைப் பூட்டினதுக்கு மூணு கடிதாசி போட்டேன்டா" என்றார் ஆர்னல்ட். "மூணுக்கும் பதில் வந்துச்சு. 'உங்கள் தியாகத்துக்கு நன்றி.' அவ்வளவுதான்."

கழிப்பிடத்துச் சாவி கோலினின் இடுப்பு வளையத்தில்தான் தொங்கியது. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பதினொன்றாம் தேதி வந்தது. சதுக்கத்தில் எண்ணூறு பேர். நினைவுக் கல் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கம்பளி மலை நின்றது. ஒரு பெயர் தெரியவில்லை. நகர மன்ற மாடியில் பில்லிங் தொலைநோக்கியோடு நின்றார். அசைகிறவர்களைக் குறித்துக்கொள்ள ஏற்பாடு. கோலின் பூவை இரண்டு ஊக்கு, ஒரு பட்டன், கொஞ்சம் கம்பி வைத்துக் கட்டியிருந்தான்.

"டென்னி எங்கடா?" என்று கேட்டார் ஆர்னல்ட். அவர் நெஞ்சில் நாலு பதக்கமும் ஒரு பூவும் இருந்தன.

"கம்பளிக்குக் கீழ இருக்காரு பெரியவரே."

"மூச்சு முட்டுமே அவனுக்கு."

மணி பதினொன்று அடித்தது. மௌனம் விழுந்தது.

முதல் இரண்டு நிமிஷம் உண்மையாகவே அமைதியாக இருந்தது. மூன்றாவது நிமிஷம் ஜனங்கள் கண்ணை மட்டும் உருட்டி, வேறு யாராவது அசைகிறார்களா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கீழ்க்காற்று வீசியது. ஒரு குழந்தைக்குத் தும்மல் வர, அம்மா அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மௌனத்தை முடித்துவைக்க வேண்டிய எக்காளக்காரன் மேடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். ஐந்தாவது நிமிஷம் கோலினின் சட்டையை யாரோ கீழிருந்து இழுத்தார்கள்.

"கோலின். எனக்கு ஒண்ணுக்கு வருது."

கோலின் உதட்டை அசைக்காமல் பேசினான். "இன்னும் ஆறு நிமிஷம் பெரியவரே."

"தொண்ணூத்திமூணு வயசுடா எனக்கு. ஆறு நிமிஷம்லாம் என் கையில இல்ல."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. என்னைத் துரத்திருவாங்க. வீடு போயிரும். மொரீனால நடக்க முடியாது."

ஆர்னல்ட் மடியிலிருந்த போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோலின் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தில் அவன் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. பெரியவரும் பயந்துபோயிருந்தார்.

"எல்லார் முன்னாடியும் வேணாம்டா" என்றார் அவர். "டென்னி முன்னாடி வேணாம்."

கோலின் மாடியைப் பார்த்தான். தொலைநோக்கியின் இரண்டு கண்ணாடியும் இவன் பக்கம் திரும்பியிருந்தன. மொரீன், படியில்லாத வாசல், பெவர்லியின் கடை, நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. நாற்காலியைத் தள்ளினான்.

சக்கரம் கிறீச்சென்றது. எண்ணூறு பேரின் கண்ணும் திரும்பியது. தலை ஒன்றுகூடத் திரும்பவில்லை. கிறீச், கிறீச் என்று முழுச் சதுக்கத்தையும் குறுக்கே கடந்து கழிப்பிடத்துக்குப் போகும்வரை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் அசைய வேண்டுமே. கோலின் சாவியைப் போட்டுத் திருகிக் கதவை இழுத்தான்.

கூரைவரை அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் அவன் மேல் சரிந்தன. கீழே விழுந்து வாய் பிளந்தன. காற்று உள்ளே புகுந்து பூக்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கோலின் பித்துப் பிடித்தவன்போல் இரண்டு கையாலும் பூக்களை வாரி வாரிப் பின்னால் எறிந்தான். கழிவறைத் தொட்டிக்குள்ளும் பூக்கள் இருந்தன. அவற்றையும் அள்ளி எறிந்தான். சதுக்கத்தின் மேல் சிவப்பாகப் பூக்கள் பறந்து, தொப்பிகளிலும் தோள்களிலும் திருமதி ஆர்மராய்டின் திறந்த வாயருகிலும் விழுந்தன. ஒருவரும் அசையவில்லை. கோலின் பெரியவரைத் தாங்கி நிறுத்தி, கதவை முக்கால்வாசி சாத்தினான்.

அந்த மௌனத்தில் ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்கும். இது குண்டூசியை விடச் சத்தமாகவே கேட்டது. நெடுநேரம் கேட்டது. எண்ணூறு பேரும் கேட்டார்கள். பிறகு ஆர்னல்ட் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த தண்ணீர் இடி முழக்கத்தோடு இறங்கியது. கண்ணை மூடியிருந்த எக்காளக்காரன் தனக்கான சைகை அதுதான் என்று எடுத்துக்கொண்டு ஊதினான்.

அன்று சாயங்காலமே மொரீன் பீங்கான் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். கோலின் எதிரே உட்கார்ந்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழாத" என்றாள் மொரீன். "நீ அவரை அங்கயே உட்கார வச்சிருந்தா, இந்த வீட்டுல உன்கூட நானே இருந்திருக்க மாட்டேன்."

மறுநாள் குழு கூடியது. மேசை மேல் செய்தித்தாள் விரித்திருந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரே படம். வானத்தில் பூக்கள், கீழே சிலையாக நிற்கும் ஜனங்கள். 'ஆக்கில்ஷாவின் பூமழை.' நெதர்பி நகர மன்றத்திலிருந்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக் கடிதம்கூட வந்துவிட்டது.

"மிஸ்டர் ஹெப்டன்," என்றார் திருமதி ஆர்மராய்டு, "நான் திட்டமிட்டபடியே நிறைவேத்தியிருக்கீங்க."

"மேடம்?"

"ஏழாவது நிமிஷத்துல கதவைத் திறக்கணும்ங்கறது குழுவோட முடிவு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கையை வாபஸ் வாங்கிக்கறோம். வருஷா வருஷம் நீங்கதான் திறக்கறீங்க."

"பெரியவருக்கு அவசரமா வந்துச்சு மேடம். அதனாலதான்."

"உணர்ச்சிவசப்பட்டார்" என்று பில்லிங் எழுதினார்.

"அப்ப கழிப்பிடத்தைத் திறந்துவிடுவீங்களா?"

"எந்தக் கழிப்பிடம்?" என்று தலைவி உண்மையான வியப்போடு கேட்டார்.

கோலின் கையெழுத்துப் போட்டான். பயந்துதான் போட்டான். வீட்டுக்குப் போய்ப் பீங்கான்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் வைத்தான். மொரீன் அன்றைக்குத் தேநீர் போடவில்லை.

மார்ச் மாதம் ஆர்னல்ட் ஹிண்டில் காலமானார். சவப்பெட்டியில் அவருக்குப் பூ வைக்கவில்லை. அது பதினொன்றாம் தேதி இல்லை என்று கோலின் சவ அடக்கக்காரரிடம் அழுத்திச் சொல்லியிருந்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் கழிப்பிடக் கதவில் பித்தளைத் தகடு ஏறியது. 'ஆர்னல்ட் ஹிண்டில் நினைவுப் பூக் கிடங்கு. இங்கே அவர் உணர்ச்சிவசப்பட்டார்.' அதைத் துலக்குவதும் கோலினின் வேலையாயிற்று.

மறு வருஷம் நவம்பர் பதினொன்று. பூக்கள் அறுபதாயிரம். கூட்டம் மூவாயிரம். நெதர்பியிலிருந்து இரண்டு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். கோலின் கதவருகில் சாவியோடு நின்றான். ஏழாவது நிமிஷம், ஒரு நொடி முன்னுமில்லை பின்னுமில்லை என்று மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தார்கள். பெட்டிகளை உள்ளே அடுக்கியது அவன்தான். கதவிலிருந்து தொட்டிவரை ஒரு சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு அவன் வழி விட்டு அடுக்கியிருந்ததோ, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்ததோ, புதிதாகக் கழிவறைக் காகிதச் சுருள் ஒன்று மாட்டியிருந்ததோ யாருக்கும் தெரியாது. மொரீனுக்கு மட்டும் தெரியும். சுருளை வாங்கி வந்தவள் அவள்.

மூன்றாவது நிமிஷம். முன்வரிசையில் பதக்கம் குத்திய ஒரு வயதான அம்மாள், முன்னாள் ராணுவ நர்ஸ், கைத்தடியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு கோலினைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரிந்த பார்வை.

மாடியில் தொலைநோக்கி திரும்பியது. கோலின் சாவித் துவாரத்தைத் தேடிக் குனிந்தான். குனிந்ததில் ஊக்கு கழன்று, பூ கால்மாட்டில் விழுந்தது. அதை அவன் எடுக்கவில்லை. சாவி இரண்டு தடவை தகட்டில் இடித்து வழுக்கியது, மூன்றாவது தடவை உள்ளே போயிற்று.